ஆற்றோரத்தில் வீட்டு வண்டி

வீட்டைப் பூட்டித் திறப்பை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரயாணம் போவது நம்மவர் வழக்கம். வீட்டையே சில்லுகளின் மேல் ஏற்றி உடன்கொண்டு போவது வட அமெரிக்கர் பலருடைய வழக்கம். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளிக்கும் அறை, மலகூடம் ஆகிய யாவும் ஒரே வாகனத்துள் அடங்கியிருக்கும். இவ்வாகனத்தை அவர்கள் சுருக்கமாக ஆர்.வி. என்பர். நாம் இதனை வீட்டு வண்டி என்றே இங்கு வழங்குவோம்.

நம்மவர் குடும்பங்கள் பல கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வேரூன்றிவிட்டன. விடுமுறைக்கு அங்கே செல்லும் பாட்டனாரும் பாட்டியாரும், பேரப்பிள்ளைகளோடு இத்தகைய வண்டியொன்றில் ஏறி நாலு நாள் ஊர் சுற்றும் காலம் வந்துவிட்டது. ஆதலின் அவ்வண்டியோடு சிறியதோர் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊரில் இரண்டு மூன்று இரவு தங்குவதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்யவேண்டும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம். கடல் கடவாத வாசகர்க்கும், பூகோளம் பயிலும் மாணவர்க்கும் இதிற் கொள்ளத்தக்கன சில உண்டு என நம்புகிறோம்.

பொதுப்படப் பேசுவதிலும் ஓர் ஊரைச் சுட்டிப் பேசுதல் நன்று. யூற்றா மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்பிறிங்டேல் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம்.

ஊரும் ஆறும்

ஸ்பிறிங்டேலின் நிலைக்குடிகள் ஏறக்குறைய ஐந்நூறு பேர். 1862ஆம் ஆண்டில் மொர்மன் சமயத்தினர் குடியேறிப் பயிர்செய்து அமைத்த ஊர் அது. ஊரின் நடுவே ஒரே ஒரு பெருந்தெரு. அதன் பக்கமாக வேர்ஜின் ஆற்றின் வடகிளை ஓடுகின்றது. இருமருங்கும் செந்நிறப் பாறைச் சுவர்கள் ஓங்கி நிற்கின்றன. தெருவின் வடகோடியிற் சயன் தேசியப் பூங்காவின் தெற்கு வாயில் அமைந்துள்ளது. விவிலியத்திற் சீயோன் என வரும் பெயரே ஆங்கில ஒலிப்பிற் சயன் எனலாயிற்று. அப்பள்ளத்தாக்கு 1909இல் அரசாங்கக் காப்பிடமாகி, 1919இற் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

ஐந்நூறு பேர் வாழும் இவ்வூரின் வாயிலாகப் பெருந்தொகையான மக்கள் வந்து போகின்றனர். 2021ஆம் ஆண்டில் மாத்திரம் பூங்காவுக்கு வந்தோர் தொகை 50 இலட்சத்தைத் தாண்டியது. இத்தகைய ஊருக்குப் பெரியதொரு வாகனத்தோடு போகிறவர், போன பின்னர் இடம் தேடலாம் என்றிருத்தல் கூடாது. கலியாணப் பந்தலுக்குப் பத்து மாட்டு வண்டிகளை அறிவித்தல் இன்றிக் கொண்டுபோய் நிறுத்துவது போன்றதாகும் அது.

முதலில் அளவுநாடா

வீட்டு வண்டிப் பிரயாணத்துக்கு முதல் வேண்டியது தேசப்படம் என்று பலர் எண்ணுவர். அதற்கும் முன்னே வேண்டியது அளவுநாடா. வண்டியின் நீளம், அகலம், உயரம், பாரம் ஆகிய நான்கையும் அளந்து ஒரு கடதாசியில் எழுதிச் சாரதியின் கண்ணெதிரே ஒட்டிவைத்தல் வேண்டும். உயரத்தை அளக்கும்போது கூரைமேலுள்ள குளிரூட்டியையும், அகலத்தை அளக்கும்போது பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். சாதாரண மோட்டார் காரை ஓட்டிப் பழகியவருக்குத் தலைக்கு மேலே என்ன இருக்கின்றது என்று பார்க்கும் பழக்கம் இராது. வாடகை வண்டிகள் மரக்கிளையிலும் தாழ்ந்த கூரையிலும் மோதுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

சயனில் இவ்வளவுகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பூங்காவின் கிழக்குப் புறத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையில், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கமொன்றுள்ளது. அதன் நீளம் 1.1 மைல். 1930இற் திறக்கப்பட்டது. அக்காலத்து மோட்டார் வாகனங்களுக்கேற்ப வளைந்த கூரையோடு கட்டப்பட்டமையால், உயர்ந்த வண்டியொன்று சுவரோரமாகச் சென்றால் அதன் தலை கூரையில் தட்டும். ஆகவே 11 அடி 4 அங்குல உயரத்தையோ, 7 அடி 10 அங்குல அகலத்தையோ எட்டும் வண்டிகளை, எதிர்த்திசைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடுப்பாதையால் அனுப்பும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. 2026ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி முதல் உயரம், அகலம் என்பவற்றில் இவ்வளவுகளையோ, 35 அடி 9 அங்குல நீளத்தையோ, 50,000 றாத்தல் பாரத்தையோ மீறும் வண்டிகள் அப்பாதையிற் செல்லலாகாது எனப் பூங்கா நிர்வாகம் 2025இல் அறிவித்தது.

வாடகைக்குக் கிடைக்கும் வீட்டு வண்டிகளிற் பல 11 அடிக்கும் 12 அடிக்கும் இடைப்பட்ட உயரமுடையன. சில அங்குலங்களே வழியைத் தீர்மானிக்கின்றன. பெரிய வண்டியோடு கிழக்கேயிருந்து வருவோர் கனாப் என்னும் ஊர்வழியாகத் தெற்கே சுற்றி, ஹரிக்கேன் என்னும் ஊரை அடைந்து, மேற்குப் புறமாகவே ஸ்பிறிங்டேலுக்குள் நுழைய வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது வண்டி வாடகைக்கு எடுப்போருக்கும் பொருந்தும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 25 அடி நீள வண்டி போதும். பெரிதாக எடுத்தால் உள்ளே வசதி கூடும். வெளியே வழி குறையும்.

இடம், நீர், மின்சாரம்

பெரும்பாலோர் நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் நகரிலே வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவர். அங்கிருந்து ஸ்பிறிங்டேல் ஏறக்குறைய 160 மைல் தொலைவில் உள்ளது. இவ்வண்டி ஒரு கலன் பெற்றோலுக்குப் பத்து மைல் ஓடும் என வைத்துக்கொண்டால், ஒருவழிப் பிரயாணத்துக்கு மாத்திரம் 16 கலன் வேண்டும். அமெரிக்கக் கலன் நம் பழைய கலனிலும் சிறியது, 3.785 லீற்றர் கொண்டது. ஆகவே 16 கலன் ஏறத்தாழ 60 லீற்றராகும். செலவைக் கணக்கிடும் குடும்பத் தலைவர் இதனை மறக்கலாகாது. நேரத்தைக் கணக்கிடும்போது, காரிற் செல்வதிலும் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்க. பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னதாகத் தங்குமிடத்தை அடைதல் வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

பூங்காவின் உள்ளே, தெற்கு வாயிலுக்கு அணித்தாக, வோச்மன் என்னும் கூடார நிலம் உள்ளது. ஆறு மாதங்களுக்கு முன்னரே அங்கு இடம் பதியலாம். வசந்த காலத்திலும் கோடையிலும் வேண்டிய நாளுக்குரிய இடங்கள் விரைவில் முடிந்துவிடும். ஆகவே ஜூலை மாதத்துக்குரிய இடத்தைத் தைப்பொங்கல் நாட்களிலேயே பதிந்துவிடுதல் முறை. அங்குச் சில பகுதிகளில் மின்னிணைப்பு உண்டு. ஆயினும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி நீர்க்குழாயும் கழிவிணைப்பும் இல்லை. வேண்டிய நீரைத் தாங்கியில் நிரப்பிக்கொண்டு செல்வதும், கழிவை அதற்கென அமைந்த நிலையத்தில் வெளியேற்றுவதும் பிரயாணியின் பொறுப்பு. ஊரிலும் அயலூர்களிலுமுள்ள தனியார் நிலங்கள் சிலவற்றில் மூன்று இணைப்பும் கிடைக்கும். வாடகையும் அதற்கேற்பக் கூடும்.

மாணவர்கள் இவ்விடத்திற் சிறு கணக்கொன்று செய்து பார்க்கலாம். வண்டியின் நன்னீர்த் தாங்கி 150 லீற்றர் கொள்வது என்க. தூவற் குழாய் நிமிடத்துக்கு 8 லீற்றர் நீர் சொரிவதாக வைத்துக்கொள்வோம். நால்வர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தால் 160 லீற்றர் வேண்டும். காலைத் தேநீருக்கே நீர் இராது! நன்னீர் தீர்ந்ததோடு துன்பம் முடிவதில்லை. குளித்த நீர் முழுதும் வண்டியின் அடியிலுள்ள மற்றொரு தாங்கியைச் சென்று நிரப்பும். அதுவும் பொங்கினால் நிலை என்னாகும் என்பதைத் தாய்மாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. உடம்பை நனைத்தவுடன் குழாயை மூடிச் சவர்க்காரம் தேய்த்துப் பின் திறப்பதே வீட்டு வண்டிக் குளிப்பு. கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்த நம்மவருக்கு இது புதுமையன்று.

மின்சாரத்தின் கணக்கும் இத்தகையதே. அமெரிக்காவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ற்று. நம் நாட்டிலே 230 வோல்ற்று. ஆதலின் இங்கிருந்து கொண்டுபோகும் மின்னடுப்பும் கேத்தலும் அங்கே பயன்படா. 30 அம்பியர் இணைப்பொன்று 120 வோல்ற்றிற் தருவது 3,600 உவாற்று. குளிரூட்டிக்கு 1,500, நீர்க் கேத்தலுக்கு 1,500, நுண்ணலை அடுப்புக்கு 1,200 எனக் கொண்டால் மொத்தம் 4,200. மூன்றையும் ஒரே வேளையில் இயக்கினால் காவற்கருவி மின்னைத் துண்டித்துவிடும். ஜூலை மாதத்தில் அங்குப் பகல் வெப்பம் 38 பாகை சென்ரிகிறேட்டை அண்மிக்கும். அந்நேரத்திற் குளிரூட்டி நின்றுபோனால் முதலில் வாடுபவர்கள் முதியோரும் குழந்தைகளுமே. குளிரூட்டி ஓடும்போது அடுப்பை வைக்காதிருத்தல் என்னும் ஒரே ஒழுங்கு போதும்.

வண்டியை நிறுத்திய பின் அதனை அங்கேயே விட்டுவிடுதல் உத்தமம். 2000ஆம் ஆண்டு முதல் பூங்கா நிர்வாகம் கட்டணமின்றிப் பஸ் வண்டிகளை நடத்திவருகின்றது. அவை ஓடும் காலங்களில் பள்ளத்தாக்கின் உட்பாதையிற் தனியார் வாகனங்கள் போகமுடியாது. ஊருக்குள்ளும் ஒரு பஸ் சேவை உண்டு. பெரிய வண்டிகளை நிறுத்த ஊரில் இடம் மிகச் சொற்பம். விருந்தினராகச் செல்பவர் வீட்டாரின் வாசலை மறிப்பது அழகன்று.

ஆற்றை அறிதல்

இதுவரை கூறியவற்றிற் பிழை நேர்ந்தால் விளைவது அசௌகரியம். இனிக் கூறப்போவதிற் பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடு. எந்தக் கூடார நிலத்திலும் யாவரும் முதலிற் கேட்பது ஆற்றோரத்து இடத்தையே. பருத்திப் பஞ்சு மரங்களின் நிழல், ஓடும் நீரின் ஓசை, பிள்ளைகள் காலை நனைக்க ஆழமில்லாத கரை. இவற்றை வேண்டாம் என்பவர் யார்? நாமும் அவ்விருப்பத்தைக் குறைகூறவில்லை. ஆயினும் ஆழமறியாமற் காலை விடாதே என்று நம் முன்னோர் கூறியது நீரின் ஆழத்தை மாத்திரம் கருதியதன்று.

பள்ளத்தாக்கு என்பது ஆறு அறுத்து உண்டாக்கியது. ஆற்றின் அருகே சமதரையாக அழகுற விரிந்து கிடக்கும் நிலம், முன்னொரு காலத்தில் வெள்ளம் பரவி வண்டலைப் பரப்பிச் சமன்செய்த நிலமாகும். வண்டி நிறுத்துவதற்கு வாய்ப்பான தரை என நாம் காண்பது, ஆற்றின் பழைய படுக்கை. ஸ்பிறிங்டேலுக்குச் சற்றுக் கீழே அட்வெஞ்சர் எனப்பட்ட சிறு குடியேற்றம் ஒன்று இருந்தது. 1862ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த பெருவெள்ளம் அதனைப் பாழாக்கவே, மக்கள் அதனைக் கைவிட்டு வேறிடம் பெயர்ந்து ரொக்வில் என்னும் ஊரை அமைத்தனர். முதற் குடியேறிகள் தம் பொருளை இழந்து கற்ற பாடம் அது.

அந்நாட்டுத் தரையின் இயல்பையும் மாணவர்கள் அறிதல் நன்று. ஈரவலயத்துச் செம்மண் மழையைக் குடிக்கும். அடர்ந்த காடு மழையைத் தாங்கும். சயனைச் சூழ்ந்துள்ளதோ பெரும்பாலும் மொட்டை மணற்பாறை. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை பிற்பகல் வேளைகளில் இடிமழை கொட்டும்போது, பாறை அந்நீரைக் குடியாது அப்படியே ஓடைகளில் வழித்துவிடும். ஓடைகள் யாவும் ஒடுங்கிய கணவாய்களுட் புகுந்து ஒரே நேரத்தில் ஆற்றை வந்தடையும். மழை பல மைல்களுக்கு அப்பாற் பெய்திருக்கலாம். நம் தலைக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கலாம். இதனையே திடீர் வெள்ளம் என்பர். 2015 செப்ரெம்பர் 14ஆந் திகதி பூங்காவிலுள்ள ஒடுங்கிய கணவாயொன்றுட் சென்ற ஏழு பேர் இவ்வாறு வந்த வெள்ளத்தில் மாண்டனர். 2021 ஜூன் 29இல் வெள்ளமும் சேறும் ஸ்பிறிங்டேல் தெருவுக்கே வந்து கார்களை அடித்துச் சென்றன. 2025 நவம்பரில் டித்வாப் புயலின் மழையால் மகாவலியும் களனியும் பெருகிய விதத்தைக் கண்ட நம் நாட்டவருக்கு ஆற்றின் சினத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை.

சில்லுகள் தரும் பொய்த் துணிவு

வீட்டில் வாழ்பவனிலும் வீட்டு வண்டியில் வாழ்பவனுக்கு ஆபத்துக் குறைவு எனத் தோன்றும். வெள்ளம் வந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாமே என்பது அவன் எண்ணம். இவ்வெண்ணமே பெரிய ஆபத்து என்பதற்குச் சரித்திரம் சான்று பகர்கின்றது.

1976 ஜூலை 31ஆந் திகதி மாலை, கொலராடோ மாநிலத்தின் பிக் தொம்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் பெருந்தொகையான விடுமுறைப் பிரயாணிகள் தங்கியிருந்தனர். மறுநாள் அம்மாநிலத்தின் நூற்றாண்டு விழா. எஸ்டெஸ் பார்க் என்னும் ஊருக்கு அண்மையில், மேற்பள்ளத்தாக்கில், ஒரு சில மணி நேரத்துள் 12 அங்குல மழை பெய்தது. அந்த இரவில் 144 பேர் மாண்டனர். வாகனத்தில் ஏறிப் பள்ளத்தாக்கின் பாதைவழியே வெள்ளத்தை முந்திவிட முயன்றோர் பலர் அதனுள் அகப்பட்டனர். வாகனத்தை விட்டிறங்கி மலைச்சரிவில் ஏறியவர்கள் பிழைத்தனர். அதன் பின்னர், வெள்ளம் வரின் மேலே ஏறுக என்னும் பொருளுடைய பலகைகள் அம்மாநிலத்து மலைப் பாதைகளில் நாட்டப்பட்டன.

1996 ஓகஸ்ற் 7ஆந் திகதி ஸ்பெயின் நாட்டின் பிரனீஸ் மலையடிவாரத்தில், பியெஸ்காஸ் என்னும் சிற்றூரின் அருகேயிருந்த கூடார நிலமொன்றில் 87 பேர் மாண்டனர். அந்நிலம், மலையோடையொன்று பள்ளத்தாக்கில் இறங்கும் வாயில், அவ்வோடை காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணுமாகிய விசிறிவடிவான மேட்டின்மேல் அமைந்திருந்தது. வறண்ட ஓடையைக் கண்டு அதன் வலிமையை அளவிட முடியாது.

2025 ஜூலை 4ஆந் திகதி விடியற்பொழுதில் டெக்சாஸ் மாநிலத்துக் குவாடலூப் ஆறு பெருகியது. ஏறத்தாழ 45 நிமிடத்துள் 26 அடி உயர்ந்ததாக மாநில அதிகாரிகள் கூறினர். அந்த வெள்ளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆற்றோரத்து வீட்டு வண்டி நிலங்களும் அதனுட் சென்றன. உறங்குகிற வேளையில் எழுந்து, நீர்க்குழாயையும் மின்கம்பியையும் கழிவுக் குழாயையும் கழற்றி, தாங்குகோல்களை உயர்த்தி, பிள்ளைகளை இருக்கைகளில் இருத்தி, இருட்டில் நீண்ட வண்டியைத் திருப்பி வெளிச்செல்லுதல் சில நிமிடங்களில் முடியும் காரியமா? ஓடும் நீர் ஓரடி உயர்ந்தாற் சிறிய காரைக் கொண்டுபோகும். ஈரடி உயர்ந்தாற் பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும் என அந்நாட்டு வானிலைச் சேவையினர் எச்சரிக்கின்றனர். வீட்டு வண்டி உயர்ந்த பெட்டி போன்றது. பாரமானதுதான், ஆயினும் நீர் அதனை மிதப்பித்தபின் சாரதியின் கையில் யாதொன்றும் இல்லை.

ஆகவே நாம் வலியுறுத்துவது இதுவே: வெள்ளம் வருங்கால் வண்டி ஒரு பொருள். அது வீடுமன்று, வாகனமுமன்று. அதனை விட்டுவிட்டு நடத்தல் வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்வது?

இடம் பதியும்போதே கூடார நிலத்தின் வரைபடத்தைப் பார்த்து, ஆற்றுக்கு ஒரு வரிசை பின்னாலுள்ள சற்று மேடான இடத்தைத் தேர்க. ஆற்றோரத்தில் பகலெல்லாம் அமர்ந்திருக்கலாம்; உறங்குவது மேட்டில் ஆகட்டும். ஓடை இறங்கும் வாய்களையும், தாழ்ந்த பாலத்துக்கு அப்பாலுள்ள இடங்களையும் தவிர்க்க. பாலம் மூழ்கினால் வெளிவரும் வழி அடைபடும்.

பொழுது சாயுமுன் சென்றடையவேண்டும் எனக் கூறியதன் காரணம் இதுதான். வண்டியை நிறுத்திச் சில்லுகளுக்குத் தடைக்கட்டைகள் வைத்தபின், அடுப்பை மூட்டுவதற்கு முன்னர், குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். எவ்விடம் உயர்ந்தது? அங்கே போகும் வழியில் வேலியோ ஓடையோ உண்டா? பாட்டியாரால் அதில் ஏறமுடியுமா? முடியாவிடின் அவருக்கு யார் துணை? இருட்டிற் காணத்தக்க அடையாளம் யாது? பிள்ளைகளை வழிகாட்டச் சொல்லிப் பின்னே செல்க. பகலில் ஒருமுறை நடந்த கால்களுக்கு இரவில் வழி தெரியும்.

வாயிலிலுள்ள பூங்காக் காவலரிடம் அன்றைய வெள்ள நிலையைக் கேட்டறிதல் அவசியம். சயனிலுள்ள கணவாய்களுக்கு வானிலைச் சேவையினர் திடீர் வெள்ளத்துக்கான வாய்ப்பை நான்கு படியாக வகுத்து நாடோறும் அறிவிக்கின்றனர். அவர்கள் விடும் அறிவித்தல்களில் இரண்டைப் பிரித்தறிக. முன்கவன அறிவித்தல், வெள்ளம் வரக்கூடிய நிலை உண்டென்பது. எச்சரிக்கை அறிவித்தல், வெள்ளம் வந்துகொண்டிருக்கின்றது அல்லது வரப்போகின்றது என்பது. முன்னையதைக் கேட்டால் ஆற்றைவிட்டு விலகுக. பின்னையதைக் கேட்டால் மேட்டுக்கு ஏறுக. மலைச்சுவர்களின் இடையே கைத்தொலைபேசி சிலவிடங்களில் உதவாது. ஆதலின் அது ஒலிக்குமென்று நம்பி உறங்குதல் தகாது. தெளிந்த நீர் கலங்குதல், சுள்ளியும் சருகும் மிதந்து வருதல், மேலிருந்து இரைச்சல் பெருகுதல் ஆகிய மூன்றும் ஆறே அனுப்பும் அறிவித்தல்கள்.

பிள்ளைகள் நீரில் விளையாடுவதைப் பற்றியும் ஒரு சொல். 2020ஆம் ஆண்டுக் கோடையில் வேர்ஜின் ஆற்றில் நச்சுத்தன்மையுள்ள ஒருவகை நுண்ணுயிர்ப் பாசி காணப்பட்டது. அந்நஞ்சு காய்ச்சினாலும் போகாது. சாதாரண வடிகட்டியாலும் நீங்காது. ஆற்றுநீரைக் குடிக்கவோ வாய்கொப்பளிக்கவோ கூடாது. தலையை அமிழ்த்தலாமா என்பதை அன்றன்று ஒட்டப்படும் அறிவித்தலைப் பார்த்தே முடிவு செய்க. ஆற்றினூடே நடந்துசெல்லும் நரோஸ் என்னும் புகழ்பெற்ற ஒடுக்கப் பாதையும், நீரோட்டம் செக்கனுக்கு 150 கன அடியை மீறும்போது மூடப்படும். மூடியிருக்கக் கண்டால் காவலரோடு வாதாடாது திரும்புவதே அறிவுடைமை.

இறுதியாக, வண்டியின் கதவருகே சிறு பையொன்று எப்போதும் தொங்கட்டும். அதில் கடவுச்சீட்டுகள், முதியோரின் மருந்துகள், மூக்குக்கண்ணாடி, கைவிளக்கு, குடிநீர்ப் போத்தல் ஆகியன இருக்கட்டும். படுக்கைக்குப் போகுமுன் ஒவ்வொருவருடைய சப்பாத்தும் கதவடியில் வரிசையாக இருக்கட்டும். இவ்விரண்டும் ஒழுங்காக இருந்தால், எழுந்து வெளியேறுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இவ்வளவும் கேட்டபின், இவ்வாறு அஞ்சி அஞ்சிப் போவதிலும் வீட்டிலே இருக்கலாமே எனச் சில வாசகர்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. திட்டமிட்டவனுக்கே ஓய்வு உண்டு. வழியை அளந்தாயிற்று, இடம் பதிந்தாயிற்று, தாங்கி நிரம்பியிருக்கின்றது, மேட்டுக்குப் போகும் வழியைச் சின்னவனும் அறிவான். இனிக் கதிரைகளை வெளியே போடலாம். செம்பாறைச் சுவர்களின் உச்சியில் மாலை வெயில் மெல்ல மேலேறிப் போவதையும், அது மறைந்தபின் ஒடுங்கிய வானத்தில் விண்மீன்கள் நெருங்குவதையும் பார்த்திருக்கலாம். ஆற்றின் ஓசை மேட்டிலும் கேட்கும்.

பிள்ளைகளின் விடுமுறைக்கு எவ்வூருக்குப் போனாலும், அது யூற்றாவாயினும் நம் நாட்டு ஆற்றங்கரை விடுதியாயினும், பொழுதிருக்கவே சென்று அந்த ஐந்து நிமிட நடையை நடந்துவிடுமாறு வாசகக் குடும்பங்களை வேண்டுகிறோம்.